கொழும்புக்கு நின்றபடி போன வாசல்

நெடுந்தீவிலிருந்து கொழும்புக்குப் பொதி போகிறது என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள். அது பொய். நெடுந்தீவிலிருந்து கொழும்புக்கு ஒன்றும் போவதில்லை. குறிகட்டுவானுக்குப் படகு போகும், அங்கே படகுக்காரரின் அக்கறை முடிந்துவிடும். குறிகட்டுவானிலிருந்து யாழ்ப்பாணம் ஸ்ரேசனுக்கு என் லொறி போகும், அங்கே என் அக்கறை முடிந்துவிடும். ரயில் பொதியைக் கொழும்புக் கோட்டை ஸ்ரேசனில் தள்ளிவிட்டுத் தன் பாட்டில் நிற்கும். பிறகு அங்கே ஒரு சின்ன லொறிக்காரன் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. ஒருவரை ஒருவர் முகம் பார்த்தறியாத இத்தனை பேரையும் ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு மேய்ப்பவள் மீனலோசனி. அவள் இல்லாவிட்டால் எங்கள் தீவின் கருவாடும், பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்த ஒடியலும் இறங்குதுறையிலேயே கிடந்து நாறும்.

நான் தில்லைநாதன். வேலணையில் லொறி வைத்திருக்கிறேன். லொறிதான் என்னை வைத்திருக்கிறது என்று மனைவி சொல்வாள். மீனலோசனியோடு பல வருடமாக வேலை செய்கிறேன், அதில் பாதி சண்டையில் போனது. எனக்கு வாய் கொஞ்சம் கூட. அவளுக்கு வாய் குறைவு, ஆனால் ஒரு சொல் சொன்னால் அன்றைக்கு முழுக்க எனக்கு அது காதுக்குள் நிற்கும்.

அவள் நெடுந்தீவில் பிறந்து அங்கேயே கலியாணம் கட்டினாள். புருஷன் படகில் சீமெந்து ஏற்றி இறக்குகிறவன். கலியாணமாகி அதிக காலமில்லை, ஒரு காய்ச்சலில் போய்விட்டான். பிள்ளையும் இல்லை. வீட்டிலே இருந்து அழு என்று சொல்ல ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள், சோறு போட ஒருவரும் இல்லை. அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரி தன் மகனுக்குக் கொழும்புக்கு ஒடியல்மா அனுப்புவாள். ஒவ்வொரு முறையும் அது எங்கேயோ தொலைந்துவிடும். கடைசியில் மீனலோசனி ஒரு வேலை செய்தாள். மாவை அனுப்பிவிட்டு, அதற்குத் தெரியாமல் அதன் பின்னாலேயே போனாள். படகில் யார் காலடியில் அது கிடந்தது, எந்தக் கடை வாசலில் மழையில் நனைந்தது, ஸ்ரேசனில் யார் அதன்மேல் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்தார் என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு கோட்டைவரை போய்ச் சேர்ந்தாள். உட்கார்ந்திருந்தவரிடம் சண்டை போடவில்லை, அவருடைய தொலைபேசி இலக்கத்தை வாங்கினாள். அவளுடைய தொழில் அப்படித்தான் தொடங்கியது.

இன்றைக்கும் பொதியை யூரியாப் பைக்குள் வைத்துத் தைத்து, மேலே ஒரு துணித்துண்டும் தைத்துவிடுவாள். சிவப்புத்துணி என்றால் மேலே வைக்க வேண்டும், பச்சை என்றால் எதன் கீழும் போடலாம். தமிழ் தெரியாத சுமைதூக்கிகளுக்கும் அது விளங்கும். எனக்குத்தான் விளங்க ஒரு வருடம் பிடித்தது என்று அவள் எல்லாரிடமும் சொல்லித் திரிகிறாள்.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது. தீவுப்பகுதியில் நடக்கும் எத்தனையோ கலியாணத்துக்குக் கூறைச்சீலை, குத்துவிளக்கு, பலகாரச் சட்டி எல்லாம் அவள் கையால்தான் வந்து சேரும். வேலிப் படலையில் வைத்தே வாங்கிக்கொள்வார்கள். "பின்னேரம் வந்து சாப்பிட்டுப் போம்" என்பார்கள். காலையில் வா, பந்தலுக்குள் வா என்று எவரும் சொல்வதில்லை. புருஷன் இல்லாதவள், நல்ல காரியத்தில் முன்னுக்கு நிற்கக் கூடாதாம். கனடாவோடு முகம் பார்த்துப் பேசத் தெரிந்த சனம், கைத்தொலைபேசியிலே பஞ்சாங்கம் பார்க்கிற சனம், இதில் மட்டும் ஒரு அங்குலம் அசையாது. எனக்கு இதை நினைத்தாலே பத்திக்கொண்டு வரும். அவளோ பேசாமல் அடுத்த பொதியைத் தைப்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஆழ்வாப்பிள்ளையர் வீட்டுக் கதவுநிலை வந்தது.

ஆழ்வாப்பிள்ளையர் குடும்பம் ஒரு காலத்தில் தெற்கே கடை வைத்திருந்தது. இப்போது ஆளுக்கொரு நாட்டில். நெடுந்தீவில் அவர்களுடைய வீடு இடிந்துபோய் நிற்கிறது, ஆனால் முன்வாசல் கதவுநிலை முதிரை மரம், ஆணி அசையவில்லை. பேத்தி நிலாந்தினி கொழும்பில், வெள்ளவத்தையில், வீடு கட்டுகிறாள். அந்த நிலையைத்தான் தன் வீட்டுக்கும் வைப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். மீனலோசனியைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"அக்கா, நிலையை நீங்கள் அனுப்ப வேண்டாம். கொண்டு வாங்கோ. நிலை வைக்கேக்கை நீங்கள் என்ரை பக்கத்திலை நிக்கோணும்."

"பக்கத்திலையோ, பின்னுக்கோ?" என்று மீனலோசனி கேட்டிருக்கிறாள்.

"பக்கத்திலை."

இதை அவள் என்னிடம் லொறியில் வரும்போது, என் முகத்தைப் பார்க்காமல், வெளியே கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அடுத்த கிழமை யாழ்ப்பாணத்தில் ஒரு மாம்பழ மஞ்சள் சீலை வாங்கினாள். என் மனைவிதான் தெரிவுசெய்து கொடுத்தாள். கடையிலே மீனலோசனி அந்தச் சீலையை மடித்து மடித்துப் பார்த்தாளாம். நிலை ஒழுங்காகப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். ஏதாவது பிசகினால் அந்த அழைப்பும் போய்விடும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பிசகு தொடக்கத்திலேயே வந்தது. எங்கள் தீவில் எந்தப் பெரிய சாமானும் பூசை செய்யாமல் கடல் கடக்காது. வழிப்பயணத்துக்கு ஒரு கற்பூரம் கொளுத்தச் சொல்லித்தான் ஐயரைக் கூப்பிட்டார்கள். ஆனால் நெடுந்தீவில் புது வீடு கட்டி எவ்வளவு காலம்! எல்லாரும் வெளிக்கிட்டுப் போகிற இடத்தில் யார் நிலை வைக்கப் போகிறார்கள்? ஐயருக்கு நிலைப்பூசை மந்திரம் முழுக்கப் பாடம், சொல்ல ஒரு நிலைதான் கிடைக்கவில்லை. சுவரிலிருந்து பெயர்த்து முற்றத்தில் நிமிர்த்தி வைத்திருந்த நிலையைக் கண்டதும் மனிதருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மஞ்சள், குங்குமம், மாவிலை, நவதானிய முடிச்சு என்று ஒன்றும் விடாமல், முழுப் பூசையையும் செய்து முடித்துவிட்டார். முடித்துவிட்டுத்தான் யோசித்தார்.

"மீனலோசனி, இனி இது வெறும் மரமில்லை. வாசல். இனி இதைக் கிடத்தக் கூடாது. வீட்டுக்காரி வலது கால் வைக்க முந்தி ஒருத்தரும் இதுக்குள்ளாலை போகவும் கூடாது."

"ஐயா, இது படகிலை போகோணும், லொறியிலை போகோணும், கோச்சியிலை போகோணும்."

"போகட்டும். நிண்டபடி போகட்டும்."

கனடாவிலிருந்து தொலைபேசித் திரைக்குள்ளால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த நிலாந்தினியின் பெரியம்மா இராசேஸ்வரி, "ஐயர் சொன்னாச் சொன்னதுதான்" என்றார். பெரியம்மா சொன்னால் அந்தக் குடும்பத்தில் மறுபேச்சு இல்லை. வீட்டுக்குப் பாதிக் காசும் அவருடையது.

அப்படியாக நிலை படகுக்காரன் கிறிஸ்ரியின் படகில் ஏறியது. நடுவிலே நிமிர்த்தி நாலு பக்கமும் கயிறு கட்டினார்கள். முன்னால் இருப்பவர் பின்னால் போக வேண்டுமென்றால் அந்த வாசலால்தான் போக வேண்டும், அதுவோ கூடாது. ஆகவே சனம் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கடல்மேலே தொங்கிப் போனது. கிறிஸ்ரி வேதக்காரன், அவனுக்கு இதில் ஒன்றுமில்லை. ஆனாலும் அவனே தொங்கித்தான் போனான். "அக்கா, ஒரு பாயாலை மறைச்சு விடுவம், ஒருத்தரும் போகாயினம்" என்றான். மீனலோசனி ஐயரைத் தொலைபேசியில் கேட்டாள். பூசை செய்த வாசலை அடைத்தால் லட்சுமி திரும்பிப் போய்விடுவாள், திறந்தபடிதான் இருக்க வேண்டும் என்றார் ஐயர். திறந்திருக்க வேண்டும், ஒருவரும் போகவும் கூடாது. இப்படி ஒரு வாசலை அரசாங்கக் கந்தோரில்தான் நான் கண்டிருக்கிறேன்.

நடுக்கடலில் ஒரு கிழவி செருப்பைக் கழற்றிவிட்டு நிலையைக் கும்பிட்டாளாம். அதைப் பார்த்து இன்னொருத்தி கும்பிட்டாள். குறிகட்டுவானுக்கு வந்து சேரும்போது நிலையின் மேற்கட்டையில் ஒரு செவ்வரத்தம் பூமாலையும், கால்கட்டையில் கொஞ்சம் சில்லறையும் இருந்தன. மீனலோசனி சில்லறையைப் பொறுக்கி ஒரு துணியில் முடிந்து நிலையிலேயே கட்டிவிட்டாள். அது வாசலின் காசு, தன்னுடையதல்ல என்றாள்.

லொறியில் நிலையை நிமிர்த்தி ஏற்றியபோது எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. வீடில்லாமல் வாசல் மட்டும் தெருவில் போகிறது. ஒவ்வொரு மின்கம்பிக்கும் லொறியை நிறுத்தினேன். மீனலோசனி மேலே நின்று ஒரு பூவரசந் தடியால் கம்பியைத் தூக்கிவிட்டாள். புங்குடுதீவில் ஒரு சந்தியில் பஸ்ஸுக்கு நின்ற சனம் எழுந்து நின்றது. ஏதோ கோயில் ஊர்வலம் என்று நினைத்திருக்க வேண்டும். வேலணையில் என் மனைவியே தேங்காய் உடைத்தாள். வீட்டில் எனக்கு ஒரு இளநீர் வெட்டித் தர மாட்டாள்.

பண்ணைப் பாலத்தடியில் ஒரு பொலிஸ்காரர் மறித்தார். தமிழ்ப் பொலிஸ்தான்.

"உது என்ன?"

"வாசல்."

"வீடு எங்கை?"

"கொழும்பிலை."

அவர் கொஞ்ச நேரம் நிலைக்குள்ளால் அந்தப் பக்கம் தெரிந்த கடலைப் பார்த்தார். பிறகு வாசலை விட்டுச் சுற்றிக்கொண்டு போய் லொறியின் பின்பக்கத்தைச் சோதித்தார்.

ஸ்ரேசனில் பொதி எடுக்கும் அலுவலர் நல்ல மனிதர், ஆனால் சட்டப் புத்தகத்தை விட்டு அசையாதவர். மரச்சாமான் என்றால் கிடத்தித்தான் ஏற்ற வேண்டும் என்றார். கிடத்த ஏலாது என்றாள் மீனலோசனி. நின்றபடி ரயிலில் போக அனுமதியுள்ள சாமான்கள் எவை என்று அவர் தேடினார். மோட்டார் சைக்கிளும் சைக்கிளும்தான் இருந்தன. கடைசியில் நிலையைச் சைக்கிள் என்று பதிந்தார். பதிந்த பிறகு மனிதருக்கு மனச்சாட்சி குத்தியது.

"சைக்கிள் எண்டால் மணியைக் கழட்டோணும். களவு போகும்."

"மணி இல்லை ஐயா."

"அப்ப மணி இல்லை எண்டு எழுதிறன்" என்றார், எழுதினார்.

பொதிப்பெட்டியின் கதவு நிலையைவிட உயரம் குறைவு. மறுபடியும் ஐயருக்குத் தொலைபேசி. சரிக்கலாம், கிடத்தக் கூடாது, சரிந்தால் கும்பிடுகிறது என்று அர்த்தம் என்றார். நிலை ரயிலைக் கும்பிட்டபடி உள்ளே போனது. பெட்டிக்குள் நிமிர்த்திக் கட்டினோம். வழக்கமாகப் பொதிப்பெட்டியில் ஆட்களை விட மாட்டார்கள். ஆனால் ரயிலின் கார்ட், பூமாலையோடும் குங்குமத்தோடும் நின்ற அந்த வாசலைப் பார்த்துவிட்டு, இதோடு தனியே இருக்க மாட்டேன், நீங்கள் இரண்டு பேரும் ஏறுங்கள் என்று அரைகுறைத் தமிழில் சொன்னார். லொறியை மச்சானிடம் விட்டுவிட்டு நானும் ஏறினேன். அந்தப் பகல் ரயிலில் நாங்கள் மூன்று பேரும், இறால் பெட்டிகளும், ஒரு வாசலும்.

வவுனியா தாண்டும்வரை நல்லாகத்தான் போனது. மீனலோசனி ஒரு மூட்டைமேல் இருந்து தன் பையைத் திறந்து சீலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூடினாள். நான் கண்டும் காணாததுபோல் இருந்தேன்.

பிறகு காட்டுக்குள் தண்டவாளத்தில் யானை நின்றிருக்க வேண்டும், ரயில் திடீரென்று பிறேக் போட்டது. நான் இறால் பெட்டிமேல் போய் விழுந்தேன். பின்கயிறு அறுந்தது. நிலை முன்னால் சாயத் தொடங்கியது. அது ஒருநாளும் கிடக்கக் கூடாத நிலை. மீனலோசனி எழுந்து ஓடினாள். பக்கத்திலிருந்து பிடிக்க நேரமில்லை. சாய்ந்து வந்த நிலைக்கு நேரே போய், மேற்கட்டையை இரண்டு கையாலும் ஏந்தி, தோளைக் கொடுத்து, ஒரு அடி, இன்னொரு அடி என்று தள்ளி நிமிர்த்தினாள். நிமிர்ந்ததும் நிலை மறுபக்கம் சாயப் பார்த்தது. அவள் கால்கட்டையைத் தாண்டி அந்தப் பக்கம் போய் முதுகால் முட்டுக் கொடுத்தாள். நானும் கார்டும் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தோம். நிலை நின்றது.

ரயில் மறுபடியும் புறப்பட்ட பிறகுதான் மூன்று பேருக்கும் விளங்கியது. அவள் வாசலுக்குள்ளால் போயிருக்கிறாள். முதல் ஆளாக.

கார்ட் தொப்பியைக் கழற்றினார்.

"மீனலோசனி, ஒருத்தரும் காணேல்லை" என்றேன்.

"நீங்கள் கண்டனீங்கள்."

"நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். நீரும் பேசாமல் இரும். நிலை போய்ச் சேருது, நீர் பக்கத்திலை நிக்கிறீர், அவ்வளவுதான்."

அவள் அறுந்த கயிற்றை முடிந்து மறுபடியும் கட்டினாள். கோட்டையில் சின்ன லொறிக்காரன் சொன்னபடி வந்து நின்றான், அதற்கு அவனைப் பாராட்டினாள். அதன் பிறகு அவள் பேசிய பேச்சு அதுதான்.

மறுநாள் காலை வெள்ளவத்தையில் அவள் அந்த மஞ்சள் சீலையோடு வந்தபோது எனக்குக் கண் கலங்கியது, மறைப்பதற்கு என்ன இருக்கிறது. புதுவீட்டின் முன்சுவரில் நிலைக்கு இடைவெளி விட்டிருந்தார்கள். வெள்ளவத்தையில் வீட்டுக்குப் பின்பக்கம் என்று ஒன்று கிடையாது, அங்கே மற்றவருடைய வீடுதான் இருக்கும். ஆகவே அந்த இடைவெளி ஒன்றே வழி. நிலையைத் தூக்கி வைக்கும்போது உள்ளேயிருந்து ஒருவர் பிடிக்க வேண்டும் என்றார் மேசன். நிலையின் குணம் தெரிந்த ஆள் வேண்டும் என்று நிலாந்தினி மீனலோசனியைப் பார்த்தாள். நிலையைத் தூக்க முன்னமே மீனலோசனி அந்த இடைவெளியால் உள்ளே போய் நின்றுகொண்டாள். வெளியேயிருந்து நாலு பேர் நிலையைத் தூக்கி இடைவெளிக்குள் நிறுத்தினோம். சீமெந்து குழைத்தாயிற்று. நல்ல நேரம் முடியக் கொஞ்ச நேரமே இருந்தது. நிலாந்தினியின் புருஷன் சுதன் தொலைபேசியை உயர்த்திப் பிடித்தான், திரையில் பெரியம்மா பட்டுச்சீலையோடு இருந்தார்.

நெடுந்தீவு ஐயரோடு முன்னமே பேசியிருந்த கொழும்பு ஐயர் கேட்டார். "வழியிலை ஒருத்தரும் இதுக்குள்ளாலை போகேல்லைத்தானே?"

"இல்லை" என்றேன் நான், சத்தமாக.

"நான் போனனான்" என்று உள்ளேயிருந்து மீனலோசனி சொன்னாள்.

எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல் இருந்தது. அவள் நடந்ததைச் சொன்னாள், கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. திரைக்குள்ளிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது.

"ஆர், மீனலோசனியோ? அவளை ஆர் உள்ளுக்கு விட்டது?"

ஐயர் பஞ்சாங்கத்தைப் பிரட்டினார், கண்ணை மூடினார், ஒரு பரிகாரம் கண்டுபிடித்தார். போன ஆள் அந்த வாசலாலேயே பின்பக்கமாக நடந்து வெளியே வர வேண்டும். அப்படி வந்தால் போனது போகாததாகிவிடும். பிறகு கொஞ்சம் மஞ்சள் தண்ணீர் தெளித்தால் சரி. அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை, உதவி செய்கிற மாதிரித்தான் சொன்னார்.

"கெதியா வாரும், நேரம் போகுது" என்றார் பெரியம்மா. "பிறகு அங்காலை தள்ளி நில்லும்."

மீனலோசனி இரண்டு கையாலும் நிலையைப் பிடித்தபடி நின்றாள். முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது.

"நான் முன்னுக்குப் போனபடியாலைதான் இது விழாமல் நிக்குது. பின்னுக்கு நடக்க என்னாலை ஏலாது."

"அப்ப வேறை ஆரும் உள்ளுக்குப் போய்ப் பிடியுங்கோ!" என்று பெரியம்மா கத்தினார்.

உள்ளே போவதென்றால் அந்த வாசலால்தான் போக வேண்டும். வீட்டுக்காரிக்கு முன்னம் ஒருவரும் போகக் கூடாது. அவள் கையை எடுத்தால் நிலை விழும், விழுந்தால் கிடக்கும், கிடக்கவும் கூடாது. ஐயர் இந்த விதிகளையெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. சீமெந்து இறுகுகிறது என்று மேசன் ஞாபகப்படுத்தினார்.

நிலாந்தினி வாசலுக்கு நேரே வந்து நின்றாள். சட்டென்று அவள் கால் வைப்பாள் என்றுதான் எல்லாரும் பார்த்தோம். அவள் வைக்கவில்லை. எங்கள் ஊரில் வீட்டுக்குள் இருப்பவர் வாங்கோ என்று சொல்லாமல், வந்தவர் படி ஏறுவதில்லை. இந்த வீட்டுக்குள் இருந்ததோ ஒரே ஒருத்தி.

"அக்கா," என்றாள் நிலாந்தினி, "வரட்டோ?"

சுதன் தொலைபேசியை எங்கே திருப்புவது என்று தெரியாமல் வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தான். வாழ்நாள் முழுக்க மற்றவர் படலையில் பொதியைக் கொடுத்துவிட்டுத் திரும்பியவள் மீனலோசனி. இந்தச் சொல்லைச் சொல்ல இதுவரை அவளை ஒருவரும் கேட்டதில்லை. உதட்டைக் கடித்தாள். பிறகு நிமிர்ந்து நின்றாள்.

"வாரும் பிள்ளை," என்றாள். "வலது காலை வைச்சு வாரும்."

நிலாந்தினி உள்ளே போனாள், மேசன் நிலையைச் சுற்றிச் சீமெந்தை அப்பினார். மீனலோசனி அடுத்துச் சுதனைக் கூப்பிட்டாள், பிறகு ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், என்னையும் கூப்பிட்டாள். அவள் கூப்பிட்ட பிறகுதான் நாங்கள் போனோம். ஐயர் கடைசிவரை வெளியே நின்று, அவளைப் பார்த்தபடி காத்திருந்தார். "வாங்கோ ஐயா" என்று அவள் சொன்ன பிறகு, செருப்பைக் கழற்றிவிட்டு அவரும் வந்தார்.